பயிற்சிக் கூடத்துக் கம்ப்யூட்டர்கள் ஏன் உறைந்து நிற்கின்றன?

அஸருக்குப் பிறகு நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து திரும்பும் பிள்ளைகள் வீட்டில் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: "பாதியில் நின்றுவிடுகிறது." பெற்றோர் பலர் நம்மிடம் கேட்டுவிட்டார்கள். நடந்ததை, நம் தவறையும் சேர்த்தே எழுதுகிறோம். இதுபோல் கூடம் நடத்தும் மற்ற மஹல்லாக்களுக்கும் உதவலாம்.

கூடத்திலுள்ள பத்துக் கம்ப்யூட்டர்களும் நன்கொடையாக வந்த பழையவை. அவற்றில் ஹார்டு டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் நெட்வொர்க் வழியாகச் சர்வரைத் தேடி, லினக்ஸை அங்கிருந்து வாங்கிக்கொள்கின்றன. பிறகு எல்லாக் கோப்புகளையும் என்எஃப்எஸ் என்ற பகிர்வு முறையில் சர்வரிலிருந்தே படிக்கின்றன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் கொண்டுவந்த முறை இது. செலவு குறைவு, பராமரிப்பும் ஓரிடத்தில் முடிந்துவிடும். ஆனால் சாதாரண கம்ப்யூட்டரில் நெட்வொர்க் போனால் இணையம்தான் நிற்கும். இங்கே கம்ப்யூட்டரே நின்றுவிடும்.

இரண்டு மூன்று பேர் இருந்தால் ஓடும். பத்துப் பேரும் சேர்ந்து தொடங்கினால், 'சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்ற பொருளில் ஆங்கில வரி திரையில் வரும். நாம் அதை அப்படியே நம்பி, அறக்கட்டளைப் பணத்தில் சர்வருக்குக் கூடுதல் நினைவகம் வாங்கிப் போட்டோம். பயன் இல்லை.

அடுத்துச் செய்ததுதான் பெரிய தவறு. என்எஃப்எஸ் இணைப்பை 'ஹார்டு' என்று அமைத்தால் பதில் வரும்வரை கம்ப்யூட்டர் காத்திருக்கும். 'சாஃப்ட்' என்றால் சில முறை கேட்டுவிட்டு, பிழை என்று சொல்லி விட்டுவிடும். உறைவதை நிறுத்த நாம் சாஃப்டுக்கு மாற்றினோம். உறைவது குறைந்தது. ஆனால் ஒரு மாணவி வேலைக்காகத் தட்டச்சு செய்த விண்ணப்பமும் விவரக் குறிப்பும் பாதி மட்டுமே பதிவாகியிருந்தன. சேமித்ததாகத்தான் அந்தப் பிள்ளை நினைத்திருந்தார். மறுநாளே ஹார்டுக்குத் திரும்பினோம். எழுதும் கோப்புகள் உள்ள இடத்தில் சாஃப்ட் கூடவே கூடாது.

பிறகுதான் கம்பியைப் பார்த்தோம். எப்போதும் இதிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குச் சிறிய 'பிங்' அனுப்பினால் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. 8000 பைட் அளவில் அனுப்பினால் பல தொலைந்தன. எல்லாக் கம்ப்யூட்டரிலும் இப்படியே என்றால் கோளாறு பொதுவான இடத்தில்தான்: சர்வரின் கேபிள், அதன் கார்டு, அல்லது ஸ்விட்ச். ஒன்றில் மட்டும் என்றால் அதன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

நம்முடையது கார்டில் இருந்தது. பொருத்தியவர் சர்வர் கார்டை 100 வேகம், ஒரே சமயத்தில் இருவழி என்று கையால் நிலைநிறுத்தியிருந்தார். ஸ்விட்சோ தானாகப் பேசி முடிவெடுக்கும் வகை. எதிர்ப்பக்கம் பேசாததால் அது ஒருசமயம் ஒருவழி என்று எடுத்துக்கொண்டது. கூட்டம் குறைந்தால் தெரியாது, கூடினால் மோதல்தான். இரு பக்கமும் 'ஆட்டோ' ஆக்கியதும் பெரும்பாலும் சரியாயிற்று. இதற்கு ஒரு காசும் செலவில்லை என்பதுதான் நமக்கு உறுத்தல்.

இன்னொன்றும் மாற்றினோம். நம் பழைய அமைப்பு யுடிபி முறையில் ஓடியது. அதில் 8 கேபி தரவு ஆறு துண்டுகளாகப் போகும். ஒரு துண்டு தொலைந்தாலும் ஆறையும் மறுபடி அனுப்ப வேண்டும். நூறு துண்டுக்கு ஒன்று தொலைந்தாலே, நூறு முறை அனுப்பியதில் ஏறத்தாழ ஆறு வீணாகும். 32 கேபி என்றால் இருபதைத் தொடும். டிசிபி முறையில் தொலைந்த துண்டு மட்டும் திரும்பப் போகும். அதற்கே மாறிவிட்டோம்.

ஜன்னலோர இரண்டு கம்ப்யூட்டர்களில் மட்டும் பெரிய பிங் இன்னும் தொலைகிறது. அவற்றின் கேபிள் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறது. புதியது போடும்வரை அந்த இரண்டிலும் பிள்ளைகளை உட்காரவைக்க மாட்டோம்.