பெருமுக்கல் குகைக்கு எலுமிச்சம்பழத்தோடு போங்கள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், உப்பளங்கள் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே பெருமுக்கல் மலை வந்துவிடும். உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், இடிந்த கோட்டைச் சுவர்கள். 1760இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை இது. ஆங்கிலேயர் ஏடுகளில் இதன் பெயர் 'பெர்மாகாயில்'. ஊரார் சீதை குகை என்று சொல்லும் இடமும் இதே மலையில்தான். அங்கே பாறையில் வெட்டிய மிகப் பழைய கீறல் உருவங்கள் இருக்கின்றன.

குகை என்றதும் சுண்ணாம்புக்கல், மேலிருந்து தொங்கும் கல்விழுது என்றுதான் பலர் எதிர்பார்த்து ஏறுகிறார்கள். இங்கே அவை இல்லை. ஆனால் குகைகளைப் பிரித்தறியப் பழக, வட தமிழ்நாட்டில் இதைவிடக் கைக்கெட்டிய இடம் குறைவு.

கல்லைச் சோதிப்பது

வீட்டிலிருந்து புறப்படும்போது ஓர் எலுமிச்சம்பழம், ஓர் இரும்பு ஆணி, மரக்காணம் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சலைத் தூளாக்கி அதன்மேல் சாற்றைப் பிழிந்தால் பொடிப்பொடியாக நுரை கிளம்பும். கிளிஞ்சலில் இருப்பது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லில் இருப்பதும் அதுவே. அமிலம் பட்டதும் கரியமில வாயு வெளியேறுகிறது, நுரை அதுதான். எலுமிச்சைக்கு வேகம் போதவில்லை என்றால் வினிகர் ஊற்றிப் பாருங்கள்.

இனி மலையடியில் தானாக உதிர்ந்து கிடக்கும் சில்லு ஒன்றில் அதே சாற்றை விடுங்கள். ஒன்றும் நடக்காது. ஆணியால் கீறினாலும் பள்ளம் விழாது. சுண்ணாம்புக்கல் என்றால் சுலபமாகக் கோடு விழுந்திருக்கும். ஆக, பெருமுக்கல் கருங்கல் மலை. பாறையில் விரிசல் விட்டு, துண்டுகள் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, வெயிலும் மழையும் அரித்து உண்டாகும் இடுக்குகளே இத்தகைய மலைகளின் குகைகள். சோதனை எதையும் குகைச் சுவரில் செய்யாதீர்கள். கீறல் உருவங்கள் இருக்கும் பக்கம் பழச்சாறு போகவே கூடாது.

மலையில்

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். தை, மாசியில் விடியற்காலையில் ஏறுவது நல்லது. தனியாகப் போகாதீர்கள். கையில் ஒரு டார்ச், தலையில் ஒரு டார்ச், பையில் மாற்று பேட்டரி வேண்டும். இருட்டு இடுக்கில் கையை விடும் முன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பாம்பும் தேளும் நமக்கு முன்பே குடிவந்தவை. பாறையில் மலைத்தேன் கூடு தெரிந்தால் புகையோ வாசனைத் தைலமோ வேண்டாம், சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். வௌவால் எச்சம் கிடக்கும் தரையில் தூசி கிளப்பினால் நுரையீரலுக்குக் கேடு.

கீறல்களைப் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. டார்ச்சை நேராக அடித்தால் பாறை வெறுமையாகத்தான் தெரியும். விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். கோடுகளுக்குள் நிழல் விழுந்து உருவங்கள் எழுந்து வரும். சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

சுண்ணாம்புக் குகை வேறு விதம்

மழைநீர் காற்றிலும், அதைவிட அதிகமாக மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான கார்போனிக் அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் இறங்கி, அதைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்துப் போகிறது. விரிசல் ஓட்டையாகி, ஓட்டை சுரங்கமாகிறது. பிறகு நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்போது சுரங்கத்தில் காற்று புகும். அப்போதுதான் விழுதுகளின் காலம் தொடங்குகிறது.

மரக்காணத்தில் கடல்நீர் உப்பாவதைப் பார்த்தவர்களுக்கு இது பாதி புரிந்த பாடம். உப்புப் பாத்திக்கு முந்தைய தேக்கங்களில் தண்ணீர் கெட்டியாகும்போது முதலில் படிவது சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், கடைசியில்தான் உப்பு. ஆனால் உப்பளத்தில் வெயில் தண்ணீரைக் குடிக்கிறது. ஆழமான குகையில் காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீர் வற்றுவது குறைவு. கூரையில் தொங்கும் துளி, தன்னுள் இருக்கும் வாயுவைக் குகைக் காற்றில் விட்டுவிடுகிறது. கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பை அதனால் தாங்க முடியாமல் படியவிடுகிறது. கூரையில் படிவது கல்விழுது, தரையில் எழுவது கல்முளை. வளர்ச்சி பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நம் விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் நீர் ஒட்டாது, படிவது நின்றுபோகலாம். தொடாதீர்கள் என்று பலகை வைப்பது இதனால்தான்.

நேரில் பார்க்க

நமக்குப் பக்கத்தில் என்றால் ஆந்திரத்தில் கொலிமிகுண்ட்லா அருகே பெலும் குகைகள். ரயிலில் தாடிபத்ரியில் இறங்கி, சாலை வழியாகப் போகலாம். நீளம் 3,229 மீட்டர், அதில் ஒரு பகுதிதான் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. மிக ஆழமான இடத்துக்குப் பாதாளகங்கை என்று பெயர். இந்தக் குகைகளை 1884இல் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் பூட். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர். 1980களின் தொடக்கத்தில் டேனியல் கெபாவர் தலைமையில் ஜெர்மானியக் குழு ஒன்று உள்ளே விரிவாக ஆராய்ந்தது.

உள்ளே புழுக்கம் ஆளை வாட்டும். பருத்திச் சட்டை, பிடிப்புள்ள செருப்பு, தண்ணீர் போதும். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் உள்ளே வெகுதூரம் போக வேண்டாம். தனியாகப் பாதை தேடுவதும், வேலி தாண்டுவதும் கூடாது. மேகாலயா போன்ற இடங்களில் ஆறு ஓடும் குகைக்குள் போவதென்றால் மழைக்காலத்தில் போகவே கூடாது. எங்கோ தொலைவில் பெய்த மழை உள்ளே வெள்ளமாக வரும்.

பெலும் போக நினைப்பவர்களுக்கும் என் யோசனை, முதலில் ஒரு காலைப் பொழுது பெருமுக்கல் ஏறிவிட்டுப் போங்கள் என்பதே. கல் குவாரிகள் இந்த மலையை ஏற்கெனவே கடித்திருக்கின்றன. கீறல்களுக்குப் பக்கத்தில் புதிதாக வெட்டோ வெடியோ கண்டால், படம் எடுத்து விழுப்புரம் மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் அன்றே எழுதுங்கள்.