எங்கே எடுத்தாய், பிள்ளை?

பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி தன் ஊரின் பழைய வரலாற்றைப் பற்றி ஒப்படை எழுதிக்கொண்டு போனாள். எழுத்து அழகு, வசனத்திலும் பிழையில்லை. ஆசிரியை முழுவதையும் வாசித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "இதெல்லாம் எங்கே எடுத்தாய், பிள்ளை?"

"புத்தகத்திலே, ரீச்சர்."

"எந்தப் புத்தகத்திலே?"

பிள்ளையிடம் பதில் இல்லை. இரண்டு மூன்று நூல்களையும் இணையத்தையும் பார்த்து எழுதியது. எது எதில் இருந்தது என்பது மறந்து போயிற்று. களவெடுக்க வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. ஆயினும் பிறர் உழைப்பு அவள் பெயரில் வந்துவிட்டது. அவள் எழுதியது சரியா பிழையா என்று பார்க்கவும் இனி வழியில்லை.

எடுத்த இடத்தைச் சொல்லுவது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுப்பழக்கம் என்று சிலர் எண்ணுவதுண்டு. அப்படியன்று. ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைக் கொண்டு அது எழுதப்பட்டதென்று அந்நூலின் முகப்பிலேயே சொல்லப்பட்டிருக்கின்றது.

இதனால் விளைந்த நன்மைகள் இரண்டு. கைலாயமாலையும் வையாபாடலும் இன்றும் உள்ளன. வைபவமாலையோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனம், அந்நூல் சொல்லும் வரலாற்றை இவ்வாறே ஆராய்ந்து பார்த்த நூல். மற்றது, பரராசசேகரன் உலாவும் இராசமுறையும் நமக்குக் கிடைக்கவில்லை. அப்படி இரு நூல்கள் இருந்தன என்பதையாவது நாம் அறிவது, அவற்றின் பெயர்கள் குறித்து வைக்கப்பட்டமையாலன்றோ? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு நூல்களும் ஏடுகளும் சாம்பலானதைக் கண்ட நமக்கு இதன் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, மாணவர்கள் கைக்கொள்ள வேண்டிய முறையைப் பார்ப்போம்.

1. பிறர் சொற்களை அப்படியே எழுதினால் மேற்கோட் குறிக்குள் இடுக. ஆசிரியர் பெயர், நூலின் பெயர், வெளியான ஊர், ஆண்டு, பக்கம் ஆகிய ஐந்தையும் அடிக்குறிப்பில் தருக.

2. கருத்தை எடுத்து உங்கள் சொற்களில் எழுதினாலும் அவ்விடத்தைக் குறிப்பிடுக. சொல் மாறினாலும் கருத்து அவருடையதே. இங்கும் அங்குமாகச் சில சொற்களை மாற்றிவிட்டு 'என் வசனம்' என்பது பொருந்தாது.

3. எல்லாரும் அறிந்த செய்திக்குச் சான்று வேண்டியதில்லை. இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்றது என்பதற்கு எவரும் அடிக்குறிப்பு இடுவதில்லை.

4. ஊர்ப் பெரியவர் ஒருவர் வாயாற் கேட்டதாயின், அவரின் சம்மதத்தோடு பெயரையும் கேட்ட நாளையும் எழுதுக. பத்திரிகையாயின் திகதியும், இணையத்தளமாயின் அதன் முகவரியும் பார்த்த நாளும் வேண்டும்.

5. நீங்கள் கண்ணாற் காணாத நூலைக் கண்டதுபோல் எழுதாதீர்கள். "இராசமுறை கூறுகின்றது" என்று இன்று ஒருவர் எழுதினால் அது பொய்யாகும். "இராசமுறை என்றொரு நூல் இருந்ததாக வைபவமாலையால் அறிகிறோம்" என்பதே நேர்மையான வசனம்.

இந்த ஐந்தாவது விதி இக்காலத்துக்கு மிகவும் வேண்டியது. கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் கணினிச் செயலிகள் இப்போது பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலேயே உள்ளன. அவை சிலவேளைகளில் இல்லாத நூலுக்குப் பெயரும் ஆண்டும் பக்கமும் சொல்லிவிடும். நூலை எடுத்து, பக்கத்தைத் திறந்து, கண்ணாற் பார்த்த பின்பே அடிக்குறிப்பு எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் அதிக நேரம் செல்லாது. வாசிக்கும்போதே ஒரு கொப்பியை அருகில் வைத்து, குறிப்பெடுக்குமுன் நூலின் பெயரையும் பக்கத்தையும் முதலில் எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விடுவதனாலேதான் மறதி வருகின்றது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் ஒப்படையைப் பார்க்கும்போது எத்தனை புள்ளி என்று மட்டும் கேளாதீர்கள். "இதை எங்கே எடுத்தாய்?" என்றும் கேளுங்கள். அதட்டிக் கேட்க வேண்டாம். அறியும் ஆவலோடு கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வீட்டிலே பதில் சொல்லப் பழகிய பிள்ளை, நாளை கேள்விப்பட்ட கதையை உண்மையென்று ஊரிலே பரப்பவும் தயங்கும்.

பயிற்சி: உங்கள் ஊர்ப் பெயர் வந்த கதையை வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். அதே செய்தி ஏதாவது நூலில் உண்டா என்று நூலகத்தில் தேடுங்கள். இரண்டும் வேறுபட்டால் எது எங்கே கிடைத்தது என்று காட்டி, இரண்டையும் எழுதுங்கள்.