பீலிக்கரைக்கு ஓடிய பையன்

அன்புள்ள மகளுக்கு,

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் மாலை வகுப்பு எடுத்துவிட்டு, கடைசி நாளைப் பற்றி நீ எழுதியதை ஹட்டன் பஸ்ஸில் ஒரு தடவையும் வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவையும் வாசித்தேன். உனக்கு எழுத வரும். அதை வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு எரிச்சல் மூட்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதல் வரியிலேயே "ஒரு சின்ன மலைக் கிராமம்" என்கிறாய். எந்தக் கிராமம்? நீ நின்றது தோட்டம், லயம். கிராமம் என்றால் பிரதேச சபை ரோடு போடும், விளக்குப் போடும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் காசு செலவழிக்க இடங்கொடுக்கவில்லை. 2018இல் திருத்தம் வந்த பிறகுதான் அந்த வழி திறந்தது. முப்பது வருஷம் கிராமம் இல்லையென்று ஒதுக்கி வைத்த இடத்தை நீ ஒரே வரியில் கிராமமாக்கிவிட்டாய்! காசல்ரீ அணைத் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு நோட்டன் நீர்த்தேக்கத்தில் விழுகிறது, அங்கிருந்து லக்சபானா மின்நிலையத்துக்குப் போகிறது. மின்கம்பி எங்கள் கூரைக்கு மேலே போனது. கீழே நாங்கள் குப்பி லாம்பில் படித்தோம். இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சொல்லி, நான் மைக்கைப் பிடித்தாலே இப்போது கொட்டாவி விடுகிறார்கள். நீயும் விட்டுக்கொள், சொல்லை மட்டும் மாற்று. லயம் என்று எழுது, தொங்கல் வீடு என்று எழுது, பிரட்டுக்களம் என்று எழுது. விளக்கம் போடாதே. தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்தது, "நான் கற்பித்ததைவிட அவர்கள் எனக்குக் கற்பித்ததே அதிகம்." ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் போய்வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இதையேதான் எழுதுகிறார்கள். என்ன கற்றாய்? ஒன்றைச் சொல். கவ்வாத்துக் கத்தி தீட்டப் பழகினாயா? படங்கு கட்டப் பழகினாயா? ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே எழுது, நான் நம்புவேன். பிள்ளைகள் அழுதது நாலு பந்திக்கு வருகிறது. அடுத்த திங்கட்கிழமை அந்த வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்பது எங்கேயும் இல்லை.

கடைசி நாள் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது வேறு. 1964இல் எங்கள் சனத்தைப் பற்றிய ஒப்பந்தத்தில் ஸ்ரீமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கு. எழுபதுகளில் ஆட்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. எங்கள் பக்கத்துக் காம்பிராப் பெரியம்மா புறப்பட்ட அன்று விடியக்காலை, அம்மிக்கல்லைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் இறக்கினார். "தேஞ்சு கெடக்கு, கொத்தி வச்சுக்க" என்றார் அம்மாவிடம். அவ்வளவுதான், திரும்பிப் போய்ப் பெட்டிக்குக் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார். ஸ்டேஷனில் அழுதிருப்பார்கள், கோச்சியின் பேரே அதுதானே. எனக்கு அது ஒன்றும் நினைவில் இல்லை. அம்மி இருக்கிறது. அம்மா சாகும்வரை அதில்தான் அரைத்தார். ஒரு தடவைகூடக் கொத்தவில்லை. ஏனென்று நான் கேட்டதுமில்லை.

இவ்வளவும் திட்டிய பிறகு சொல்கிறேன். உன் கட்டுரையின் கடைசிக்கு முந்திய பந்தியில் ஒரு பையன் வருகிறான். உன் பையைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தவன், பஸ் நிற்கும் இடத்தில் அதை வைத்துவிட்டு, உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் மேலே ஓடிவிடுகிறான். பீலியில் அவன் குடத்துக்கு முறை வந்துவிட்டது. மகளே, நாற்பது வருஷமாக எழுதுகிறேன், எனக்கு இப்படி ஒரு பையன் கிடைக்கவில்லை. பொறாமையாக இருக்கிறது. அழுத பிள்ளைகள் அத்தனை பேரையும் வெட்டிவிட்டு இவனை மட்டும் வைத்திருந்தால், அந்தத் தாளை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருப்பேன். நீயோ அவனுக்குப் பின்னாலேயே ஒரு பந்தி மூடுபனியை இறக்கிவிட்டாய்.

அவன் குடம் நிறைந்ததா? தெரியாவிட்டால் போய்க் கேள். போகிற நாளை முன்கூட்டிச் சொல், என்னிடம் இரண்டு பெட்டி வெண்கட்டி சும்மா கிடக்கிறது. அந்த வகுப்பை யார் எடுத்தாலும் கொடுத்துவிடு.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து உன் மாமா