வள்ளத்துக்கு முதல் ஜி.பி.எஸ். வாங்கியவர்களுக்கு

புதுக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே கடலுக்குக் கொண்டுபோகும் தம்பிகளைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. ஒரு வாரமாவது கரையில் பழகுங்கள்.

செய்ய வேண்டியவை

• முதல் நாள் மணல்வெளியில், மேலே மறைப்பில்லாத இடத்தில் கால்மணி நேரம் வைத்திருங்கள். எந்தச் செயற்கைக்கோள் எங்கே சுற்றுகிறது என்ற பட்டியலைக் கருவி வானிலிருந்தே வாங்கியாக வேண்டும். அது முழுதாக வர 12.5 நிமிடம் ஆகும். குறைந்தது நான்கு கோள்கள் பிடிபடட்டும்.

• புறப்படுமுன் துறைமுக வாயைப் பாயிண்டாகப் போடுங்கள். இதைவிட முக்கியமானது வேறில்லை. மூடுபனியிலோ இருட்டிலோ திரும்பும்போது பதிந்த இடத்துக்குத்தான் கருவி வழி காட்டும்.

• மீன் பாருக்குப் போட்ட பாயிண்டுகளை நோட்டிலும் எழுதுங்கள். தாத்தாமார் கோபுரத்தையும் மரத்தையும் நேர்வைத்துப் பாரைக் கண்டார்கள். அந்தக் கணக்கு அவர்கள் தலைக்குள் இருந்தது. உங்கள் கணக்கு கருவிக்குள் மட்டும் இருந்தால், கருவி தண்ணீரில் விழுந்த அன்று பாரும் போய்விடும்.

• அடுத்தவர் பாயிண்ட் சொன்னால் எந்த முறையில் சொல்கிறார் என்று கேளுங்கள். 9 டிகிரி 17.50 நிமிடம் வேறு. 9 டிகிரி 17 நிமிடம் 50 விநாடி வேறு. இரண்டுக்கும் இடையே 600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒரு சின்னப் பாரைத் தவறவிட இது போதும்.

• ஆள் கடலில் விழுந்தால் அந்த இடத்தை உடனே பதிய எந்தப் பொத்தான் என்பதை வள்ளத்தில் உள்ள எல்லோரும் தெரிந்திருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• திரையில் தெரியும் நேர்கோட்டிலேயே வள்ளத்தை விடாதீர்கள். இடையில் மணல்திட்டோ பவளப்பாறையோ இருப்பதை அந்தக் கோடு அறியாது. மன்னார் வளைகுடாவில் மட்டும் 21 தீவுகள் இருக்கின்றன.

• இலங்கை எல்லைக்கான எச்சரிக்கை மணியைக் கோட்டின் மீதே வைக்காதீர்கள். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கோடு அது. கடலில் கண்ணுக்குத் தெரியாது. வலையோடு மிதக்கும்போது நீரோட்டம் வள்ளத்தை இழுத்துக்கொண்டே போகும். இரண்டு மைலுக்கு முன்பே மணி அடிக்கட்டும்.

• எஞ்சினை நிறுத்திவிட்டுத் திசை பார்க்காதீர்கள். உள்ளே காந்தமானி இல்லாத கருவி நகரும்போதுதான் திசையைச் சரியாகச் சொல்லும். பழைய திசைகாட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்.

• பழைய பேட்டரியோடு புதியதைக் கலக்காதீர்கள். மாற்று பேட்டரி, நீர் புகாத உறையில்.

• ஆபத்தில் இது ஆளைக் கூப்பிடும் என்று நம்பாதீர்கள். ஜி.பி.எஸ். கருவி வாங்கும், அனுப்பாது. உதவிக்கு வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனல். போனுக்குச் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554.