டவர் எடுக்காத வீட்டுக்கு எது சரி?

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் போன் மணி அடித்ததும் வாசலுக்கு வருபவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "உள்ளே டவர் எடுக்கல." அடுத்ததாகப் புதுப் போனோ ஆன்லைனில் விற்கும் பூஸ்டரோ வாங்கத் தோன்றும். காசைக் கொடுக்குமுன் தடை எங்கே என்று பார்த்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில், போனைப் பற்றிய பகுதியில், சிம் நிலவரத்துக்குள் சிக்னலின் அளவு டெசிபல் கணக்கில் மைனஸ் எண்ணாக இருக்கும். 4ஜியில் -90 என்றால் நல்லது. -110க்கும் கீழே போனால் பேச்சு அறுபடும். மொட்டை மாடி, ஜன்னலோரம், நடு அறை மூன்றிலும் குறித்துக்கொள்ளுங்கள். 10 டெசிபல் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. மாடியில் -88, நடு அறையில் -110 என்றால் வெளியே இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே வரவில்லை. குற்றவாளி கட்டடம். மாடியிலேயே -110 என்றால் வீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஓட்டு வீட்டில் அலை ஓரளவு தாராளமாக நுழையும். கம்பி கட்டிய கான்கிரீட் நிறையவே விழுங்கும். மோசமானது தகர ஷீட். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சிமென்ட் ஷீட் அலையை விடும், தகரம் திருப்பி அனுப்பிவிடும். வெயிலுக்குப் பயந்து கூரையடியில் ஒட்டும் அலுமினியத் தாளும் அப்படித்தான். ஆனால் டவரிலிருந்து அலை பெரும்பாலும் பக்கவாட்டில் வருவதால், அந்தத் திசையில் உள்ள சுவரும் ஜன்னலும் கூரையைவிட முக்கியம்.

மாடியிலும் சிக்னல் இல்லாதவர்களுக்கு சிம் மாற்றுவதே வழி. அக்கம்பக்கத்தார் போனை வாங்கி உங்கள் நடு அறையில் சோதித்த பிறகு மாறுங்கள். விளம்பரம் பார்த்து வேண்டாம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரைக் கடக்கும் அளவுக்கு 3500 மெகாஹெர்ட்ஸ் 5ஜி கடக்காது. ஒரே நிறுவனத்தின் சேவைகூட வெளியே வேகமாகவும் உள்ளே மந்தமாகவும் இருப்பது இதனால்தான். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாற, PORT என்பதோடு உங்கள் எண்ணையும் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

வெளியே நன்றாக இருந்து உள்ளே மட்டும் செத்துப்போகிற கான்கிரீட், தகர வீடுகளுக்கு என் தேர்வு வைஃபை அழைப்பு, அதாவது டவருக்குப் பதில் வீட்டு இணையம் வழியே பேசுவது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய வசதி இது. போன் செட்டிங்ஸில் இயக்கினால் போதும், தனிக் கட்டணம் இல்லை. ஃபைபர் இணைப்பு வருகிற தெருவென்றால் அதையே எடுங்கள். வராத இடத்தில் மாடியில் கருவி வைத்து, வயர் வழியே உள்ளே இணையம் கொண்டுவரும் ஏர்ஃபைபர் உண்டு. அதுவும் சுவரைத் தாண்டிவிடுகிறது. ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். தூர அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 நன்றாகப் போகும். மின்சாரம் போனால் ரவுட்டரும் அணையும் என்பதால் அதற்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் அவசியம்.

பூஸ்டர் வேண்டவே வேண்டாம். அனுமதியின்றி வைப்பது சட்டவிரோதம். உங்கள் ஓர் அறைக்காக ஊர் டவரையே அது குழப்பிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிடும் நேரத்தில் அது நடந்தால்?

புது வீடு கட்டுபவர்கள் சுவர் பூசும் முன்பே ஒவ்வொரு அறைக்கும் லேன் வயருக்கான பைப் பதித்துவிடுங்கள். பிறகு சுவரை உடைப்பதைவிட இது பல மடங்கு மலிவு. உள்ளே இணைப்பு கிடைப்பதும் இப்போது கட்டடத்தின் தரத்தில் சேர்கிறது: கட்டடங்களின் இணைய வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது.

வீட்டைப் போலவே நம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளுக்கும் இது பொருந்தும். ஆலையின் வேலை அறைகளில் செல்போனுக்கு இடமே இல்லை; அந்தத் தடை இருக்க வேண்டியதுதான். அதனால்தான் வாசல் அலுவலகத்துப் போன் ஒருபோதும் தவறக்கூடாது. பல இடங்களில் அந்த அறைக்கும் தகரக் கூரைதான். ஆலை நடத்துபவர்கள் அங்கே வயர் வழி வரும் தொலைபேசி ஒன்றை வையுங்கள். 101, 108, 112 எண்களைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். வைஃபை வழியே அழைத்தால் இடம் சரியாகத் தெரியாமல் போகலாம். எடுத்த எடுப்பில் ஊர்ப் பெயரையும் ஆலைப் பெயரையும் சொல்ல வாட்ச்மேனுக்கு இன்றே பழக்கிவையுங்கள்.