அணில்பிள்ளைக்குக் கழிச்சல் கண்டால்

தென்னை மட்டையோடு விழுந்த கூட்டிலிருந்து அணில்பிள்ளைகளை எடுத்து வந்து, தாயில்லாமல் வளர்க்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்.

1. பேதி என்றதும் புழு என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரம் காரணம் பால்தான்: பசும்பால் ஒத்துக்கொண்டிருக்காது, அல்லது ஒரே வேளையில் அளவு மீறியிருக்கும். நாய்க்குட்டிகளுக்கான பால்மாவு இதைவிட நல்லது. ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 சதவீதம் போதும். 20 கிராம் பிள்ளைக்கு 1 மில்லி.

2. கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று வாங்குங்கள். தினமும் காலையில் பால் கொடுக்கும் முன் எடை எழுதுங்கள். நன்றாகக் குடித்தும் எடை ஏறவில்லையா, உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பருத்திருக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா? புழுவைச் சந்தேகியுங்கள். சளியோ இரத்தமோ கலந்து, நாற்றத்தோடு நீராகப் போனால் காக்சிடியா, ஜியார்டியா போன்ற ஓரணு ஒட்டுண்ணிகளையும் நினையுங்கள்.

3. சந்தேகம் வந்த அன்றே புதிய மலத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அடர்ந்த உப்புக் கரைசலில் மலத்தைக் கலக்கினால் புழு முட்டைகள் மேலே மிதக்கும். அதை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஜியார்டியா அதில் சிதைந்துவிடும் என்பதால் ஈரம் காயாத மலத்தை நேரடியாகவும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். முட்டைகள் எல்லா நாளும் வெளிவருவதில்லை.

4. மருந்துக்கு முன் சூடு, சூட்டுக்குப் பின் நீர். உடம்பு குளிர்ந்திருக்கும் பிள்ளைக்கு எதையும் ஊட்டாதீர்கள். தோள் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். மடிப்பு நின்றால் நீர் வற்றியிருக்கிறது. சில வேளைகளுக்குப் பாலை நிறுத்தி, வெதுவெதுப்பான ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். இந்தப் பிள்ளைகளைப் பெரும்பாலும் கொல்வது புழுவல்ல, நீரிழப்பு.

5. எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சி மருந்து கிடையாது. உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்குக் கேட்கும் ஃபென்பெண்டசோல் காக்சிடியாவை ஒன்றும் செய்யாது. அதற்கு டோல்ட்ராசுரில் அல்லது சல்ஃபா வகை மருந்து வேண்டும். சல்ஃபா கொடுத்தால் உடலில் நீர் குறையவே கூடாது, சிறுநீரகம் கெடும். மருந்தும் அளவும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், மாட்டுக்குப் போடும் 1 சதவீத ஐவர்மெக்டினை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 40 கிராம் அணிலுக்கு வேண்டியது 0.0008 மில்லி. எந்த சிரிஞ்சிலும் அதை அளக்க முடியாது. கண்ணளவில் ஒரு சொட்டு விட்டாலே பல மடங்கு மிகை. மருத்துவர் நீர்த்துத் தரும் மருந்தை மட்டும் கொடுங்கள்.

6. காக்சிடியா முட்டை வெளியே வந்து ஓரிரு நாளில்தான் தொற்றும் நிலைக்கு முதிர்கிறது. அதனால் பெட்டியில் விரித்திருக்கும் துணியைத் தினமும் மாற்றினாலே பாதி வைத்தியம் ஆயிற்று. பிளீச்சிங் பவுடருக்கு அது சாகாது, கொதிநீரில் போடுங்கள்.

7. புதிதாக வந்த பிள்ளையைப் பழையவற்றோடு ஒரே பெட்டியில் விடாதீர்கள். சிரிஞ்சும் தனியாக இருக்கட்டும். ஜியார்டியா மனிதருக்கும் வரக்கூடும், ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மருந்து முடிந்து பத்து நாள் கழித்து மலத்தை மறுபடி பரிசோதித்து, சுத்தம் என்று தெரிந்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.