மடவை மீன்: பிடிக்கும் முறையும் உண்ணும் தகுதியும்

கடலோரத் தோட்டங்களில் வாழும் நம் தொழிலாளர் பலர், பால்மரம் வெட்டிப் பாலை நிறுத்துக் கொடுத்த பின்னர், பிற்பகல் வேளையில் தூண்டிலுடன் ஆற்றின் முகத்துவாரத்திற்குச் செல்வதுண்டு. மேற்குக் கரையின் சேற்று நிலங்களிலும் கண்டற் காட்டு ஓரங்களிலும் அவர்கள் அடிக்கடி காணும் மீன் மடவை. மலாய் மொழியில் இதனைப் பெலானாக் என்பர்.

இம்மீனைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்து நிலவுகிறது. சேற்றைத் தின்னும் மீன் எனக் கூறி எறிந்துவிடுவோர் ஒரு சாரார். எங்குப் பிடித்தாலும் புளியை மிகுதியாகக் கரைத்துக் குழம்பு வைத்துவிடுவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் சரியன்று. அதன் காரணத்தை அறிய, முதலில் இம்மீன் எவ்வாறு உயிர்வாழ்கிறது எனக் காண்போம்.

மடவையின் இயல்பு

மடவை பிற மீன்களை வேட்டையாடுவதில்லை. சேற்றின் மேற்பரப்பில் படியும் நுண்ணிய பாசிகளையும் மக்கிய இலைதழைகளையும் சேற்றோடு சேர்த்து வாயில் அள்ளி, மிகுதியான மண்ணை வெளியே தள்ளிவிடும். கோழியின் வயிற்றில் தீனியை அரைக்கும் தடித்த பை இருப்பது போல, மடவையின் வயிற்றிலும் ஒரு பை உண்டு. விழுங்கிய மணலின் துணையால் அது உணவை அரைக்கும். குடலும் உடலைவிடப் பன்மடங்கு நீளமானது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. தூய நிலத்தில் மேய்ந்த மடவை நல்ல உணவாகும். நச்சு படிந்த சேற்றில் மேய்ந்த மடவை அந்நச்சையும் உடலில் ஏற்றிக்கொள்ளும். ஆகவே மீனைப் பார்ப்பதற்கு முன்னர் நீரைப் பார்க்க வேண்டும்.

பிடிக்கும் முறை

கடல் நீர் பெருகும்போது மடவைகள் கூட்டமாகச் சேற்று நிலத்தின் மேல் மேய வரும். நீர் வற்றும்போது ஆழத்திற்குத் திரும்பும். ஆதலின் நீர் ஏறத் தொடங்கும் வேளையே தூண்டிலிட ஏற்றது. நாள்தோறும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தாமதித்து வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிகுதியாக ஏறி இறங்கும். கிள்ளான் துறைமுகப் பகுதியில் இவ்வேறுபாடு 4 மீட்டர் அளவை எட்டும். அந்நாள்களில் சேற்றில் வெகுதூரம் நடந்து சென்றவரைத் திரும்பி வரும் நீர் விரைவிற் சூழ்ந்துகொள்ளக்கூடும். நீர் ஏறத் தொடங்கியதும் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். தனியே செல்லுதல் கூடாது. முதலை நடமாடும் ஆறுகளின் ஓரத்தில் இறங்கவே கூடாது.

மடவையின் வாய் சிறியது. எனவே மெல்லிய நரம்பும், மிகச் சிறிய முள்ளும், இலேசான மிதப்பும் வேண்டும். ரொட்டியைப் பிசைந்து பட்டாணி அளவில் உருட்டி முள்ளில் செருகலாம். சிறிது ரொட்டித் தூளை முன்னதாக நீரில் தூவினால் கூட்டம் நெருங்கி வரும். இம்மீன் அச்சம் மிகுந்தது. நீரின் மேல் நம் நிழல் விழாதவாறு அமைதியாக நிற்றல் நன்று.

வீச்சு வலை பயன்படுத்த விரும்புவோர், உரிமம் தேவையா என்பதை மாவட்ட மீன்வள அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் வேண்டும். வெடி, மின்சாரம், நஞ்சு ஆகியவற்றைக் கொண்டு மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. தூபா வேரை இடித்து நீரில் கலப்பதும் நஞ்சிடுதலே. வலையில் செம்பிலாங் எனும் கெளுத்தி சிக்கினால் வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் முள் நச்சுடையது.

எங்குப் பிடிக்கலாகாது?

ரப்பர் ஆலைக் கழிவில் அம்மோனியா, அமிலம் ஆகியவற்றோடு, நீரிலுள்ள உயிர்க்காற்றைக் குறைக்கும் பொருள்களும் உண்டு. இதனைக் கட்டுப்படுத்த, 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1978இல் தனி விதிகள் இயற்றப்பட்டன. ஆயினும் ஆலைக் கால்வாய் ஆற்றில் கலக்கும் இடத்திற்குக் கீழே மீன் பிடித்து உண்ணாதிருப்பதே அறிவுடைமை. தொழிற்சாலைகள், படகுத் துறைகள், குப்பைமேடுகள் ஆகியவற்றின் அருகிலும் அவ்வாறே. 2019 மார்ச் மாதம் ஜொகூர் மாநிலம் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டதால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஓர் ஆற்றில் யார் எதைக் கொட்டினர் என்பதைக் கரையில் நிற்பவர் அறிதல் அரிது.

மற்றொன்றும் கூறுவோம். தோட்டத்தில் பார்மிக் அமிலம், அம்மோனியா, களைக்கொல்லி இருந்த கலன்களைக் கழுவி, மீனும் இரையும் எடுத்துச் செல்வோர் உளர். பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுள்ளது; எனினும் பழைய கலன்கள் எங்கேனும் கிடக்கக்கூடும். எத்தனை முறை கழுவினாலும் அவை உணவுக்கு உதவா.

சமைக்கும் முறை

தூய நீரில் பிடித்த மடவையின் 100 கிராம் சதையில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உள்ளது. வளரும் பிள்ளைகளுக்கு இது நல்ல உணவு. பிடித்தவுடன் வயிற்றைக் கீறிக் குடலையும் இரைப்பையையும் அகற்றுக. வயிற்றின் உட்புறம் படிந்துள்ள கருநிறச் சவ்வையும், முதுகெலும்போரத்து இரத்தத்தையும் சுரண்டி எடுத்துக் கழுவுக. சேற்று வாடை பெரிதும் நீங்கும். குடலில் மண்ணெண்ணெய் நாற்றமோ இரசாயன நாற்றமோ வீசினால் மீனைப் புதைத்துவிடுக.

புளியோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் எஞ்சிய வாடையும் குறையும். மண்வாடைக்குக் காரணமான பொருள் புளிப்பில் சிதைவதே இதற்குக் காரணம். ஆனால் புளி வாடையைப் போக்குமேயன்றி நஞ்சைப் போக்காது. சேற்றில் தங்கும் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. சுவையாக இருக்கும் குழம்பு தீங்கற்றது என்று கருதுதல் தவறு.

மடவையின் சதையில் நுண்புழுக்களின் இளம்பருவம் இருத்தல் கூடும். ஆதலின் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணாமல், நன்கு வேகவைத்தே உண்ணுதல் வேண்டும்.

அன்பர்களே! தூண்டிலை வீசுமுன் ஆற்றின் மேற்புறம் சிறிது தூரம் நடந்து பாருங்கள். எந்தக் கால்வாய் எங்கே கலக்கிறது என அறிந்துகொள்ளுங்கள். ஐயம் இருந்தால் அன்று வெறுங்கையோடு திரும்புவதே மேல். நீர் தூயதென்று தெரிந்தால் மடவையைத் தயங்காது சமைத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணுங்கள்.